உலோகத்தின் மேல்தோல்: தாடை மூட்டு பற்றி வாசகர் கேள்விகள்

செயற்கை மூட்டுகளில் உள்ள உலோகங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இடுப்பையும் முழங்காலையும் விட்டுவிட்டுத் தாடை மூட்டைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையோரக் கரும்பாலைகளில் குழாய்களும் கொப்பரைகளும் எங்கே அரிக்கப்படுகின்றன, ஏன் அரிக்கப்படுகின்றன என்று பார்ப்பதே முப்பது ஆண்டுகளாக என் வேலையாக இருந்தது. உலோகத்தைப் பற்றி என் கைப்பழக்கத்திலிருந்து சொல்கிறேன். உடம்பைப் பற்றி, படித்தும் அறுவை மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்த அளவில் சொல்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. நெடுநாள் முடக்குவாதத்தால் வாயே திறக்க முடியாமல் போனதால், மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டு பக்கத் தாடை மூட்டையும் எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள். நாங்கள் டர்பனில் ப்ளஃப் பகுதியில் குடியிருக்கிறோம். கடற்காற்றில் ஜன்னல் கம்பியும் வாசல் கேட்டும் ஓரிரு ஆண்டுகளில் துருவேறிவிடுகின்றன. அப்படியானால் தாடைக்குள் இருக்கும் உலோகமும் துருப்பிடிக்காதா என்று அம்மா இரவில் தூங்காமல் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

பதில்: அம்மா தூங்கலாம். உங்கள் வாசல் கேட்டில் ஏறும் அந்தச் செம்மண் நிறத் துரு அவருடைய தாடைக்குள் ஏறாது. துரு என்பது இரும்புக்கு வரும் நோய். அவருக்கு வைத்திருக்கக்கூடிய கலவைகளில் இரும்பு இருந்தாலும் மிகச் சிறிதளவே இருக்கும். இன்று வைக்கப்படும் தாடை மூட்டுக்கு இரண்டு பாகங்கள் உண்டு. காதுக்கு முன்னால் பொட்டெலும்பின் அடியில் உள்ள குழியில் பொருத்துவது ஒன்று. கீழ்த்தாடையின் பின்பக்கத்தில் திருகுகளால் இறுக்கப்பட்டு, மேல் முனையில் குமிழ் போன்ற தலையோடு நிற்பது மற்றொன்று. குழியின் உட்புறம் பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கின் மிகக் கெட்டியான ஒரு வகையால் ஆனது. அதில் சுழலும் தலை கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் மூன்றும் சேர்ந்த கலவை. தாடையெலும்பை ஒட்டியிருக்கும் தகடு சில வகைகளில் அதே கலவையாகவும், வேறு சிலவற்றில் டைட்டானியக் கலவையாகவும் இருக்கும்.

ஆயினும் துருப்பிடிக்காது என்பதும் அரிக்கப்படாது என்பதும் ஒன்றல்ல. கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு இருக்கிறது. நம் உடல் நீர்மத்தில் 0.9 விழுக்காட்டு உப்பு நீருக்கு ஈடான உப்பு இருக்கிறது. கடலைவிடக் குறைவுதான் என்றாலும், 37 பாகை வெப்பத்தில், இரவு பகல் ஓய்வின்றி, புரதங்களும் சேர்ந்து உலோகத்தை நனைத்துக்கொண்டே இருக்கும் நீர்மம் அது. இரும்பை அதில் போட்டு வைத்தால் சில நாட்களில் நிறம் மாறிவிடும். கோபால்ட்-குரோமியக் கலவையும் டைட்டானியமும் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் அவற்றின் மேலே தானாகப் படியும் ஒரு படலம். முதலாவதில் அது குரோமியம் ஆக்சைடு, இரண்டாவதில் டைட்டானியம் ஆக்சைடு. அதன் தடிப்பு இரண்டு முதல் ஐந்து நானோமீட்டர் வரைதான் இருக்கும்; ஒரு தலைமுடியின் பருமனைச் சுமார் இருபதாயிரம் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசி வைத்தது நினைவிருக்கும். பூச்சு இருக்கும் வரை புளிக்குழம்பு பாத்திரத்தைத் தொடாது. தேய்த்துத் தேய்த்துப் பூச்சு போய்விட்டால் குழம்பில் களிம்பு ஏறும், மறுபடியும் ஈயம் பூசுகிறவர் வர வேண்டும். குரோமியமும் டைட்டானியமும் இந்த இடத்தில்தான் வேறுபடுகின்றன. அவற்றின் மேல்தோலான அந்த ஆக்சைடுப் படலம் கீறப்பட்டால், சுற்றிலும் உள்ள நீரிலிருந்தும் உயிர்வளியிலிருந்தும் நொடியின் சிறு பகுதிக்குள் அது தானாகவே மறுபடி படிந்துகொள்கிறது. ஆனால் அப்படிப் படிவதற்கு முன், திறந்து கிடக்கும் அந்தச் சிறு இடத்திலிருந்து கோபால்ட் அணுக்களும் குரோமிய அணுக்களும் அயனிகளாகக் கரைந்து வெளியேறுகின்றன. ஒரு முறை என்றால் அது கணக்கிலேயே வராது. தாடையோ பேசவும் மெல்லவும் விழுங்கவும் கொட்டாவி விடவும் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை அசைகிறது. எறும்பூரக் கல்லும் தேயும் என்பார்கள்; இங்கே எறும்பு ஒவ்வொரு முறை ஊரும்போதும் கொஞ்சம் தேய்மானமும் கொஞ்சம் கரைதலும் சேர்ந்தே நிகழ்கின்றன. தேய்மானம் தோலைக் கிழிப்பதால் கரைதல் கூடுகிறது. கரைந்து சொரசொரப்பான பரப்பு மேலும் விரைவாகத் தேய்கிறது. தனித்தனியாக நடந்தால் ஏற்படும் இழப்பைவிட இரண்டும் சேர்ந்து நடக்கும்போது ஏற்படும் இழப்பு பெரிது. ஆலையில் மணல் கலந்த சாறு ஓடும் பம்புகளில் நான் ஆண்டுதோறும் கண்டதும் இதே கதைதான்.

இன்னோர் இடமும் உண்டு, அது வெளியே தெரியாது. 1984இல் என் தம்பியின் முழங்கால் எலும்பு முறிந்தபோது துருப்பிடிக்காத எஃகில் செய்த தகடு ஒன்றை வைத்து ஆறு திருகுகளால் இறுக்கினார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து எடுத்தபோது அதைக் கேட்டு வாங்கி வந்து கைலென்ஸில் பார்த்தேன். தகட்டின் மேற்பரப்பு முகம் பார்க்கலாம் போல மின்னியது. ஆனால் ஒரு திருகின் தலை உட்காரும் குழியில் மட்டும் பழுப்பும் சாம்பலும் கலந்த வளையம் ஒன்று இருந்தது. அதில் ஊசிமுனை பதிந்தாற்போலச் சிறு குழிகள் இருந்தன. திருகுத் தலைக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள மயிரிழை இடுக்கில் நீர்மம் தேங்குகிறது. தேங்கிய நீர்மத்தில் உயிர்வளி தீர்ந்துபோகிறது, குளோரைடு சேர்கிறது, புளிப்பு ஏறுகிறது. அங்கே மேல்தோலால் மறுபடி படிய முடிவதில்லை. கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் திருகு மயிரளவு அசைந்திருந்தால், படிந்த கொஞ்சமும் உரசி எடுக்கப்பட்டிருக்கும். திறந்த பரப்பு பளபளவென்று இருக்க, மறைவான இடுக்கில்தான் உலோகம் தின்னப்பட்டிருந்தது. இன்றைய தாடை மூட்டுகளின் டைட்டானியத் திருகுகள் இந்த வகையில் எஃகைவிட மிகவும் மேலானவை; ஆனாலும் திருகு தளர்ந்தால் இதே நிகழ்ச்சி சிறிய அளவில் அங்கும் தொடங்கும். ஆகவே உங்கள் அம்மா கவனிக்க வேண்டியது தளர்வையும் உரசலையும்தான். வீட்டைச் சுற்றி வீசும் கடற்காற்று அங்கே எட்டாது.

கரைந்து வெளியேறியவை எங்கே போகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோபால்ட் பெரும்பாலும் இரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும். குரோமியம் அருகிலுள்ள தசையிலேயே பாஸ்பேட்டாகப் படிந்து தங்கிவிடும் தன்மையுடையது. நுண்ணிய துகள்களை விழுங்க வரும் வெள்ளணுக்கள் அமிலத்தையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சுரக்கின்றன. அவை உலோகத்தை மேலும் அரிக்கின்றன. அழற்சி கூடினால் அரிப்பு கூடும், அரிப்பு கூடினால் அழற்சி கூடும். இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் மூட்டைச் சுற்றியுள்ள தசை கறுத்துப்போவதும் எலும்பு கரைவதும் நேரலாம். தலையும் உலோகம், குழியும் உலோகம் என்றிருந்த பழைய அமைப்புகளில் இந்த அச்சம் கூடுதல். இடுப்பு மூட்டில் அப்படிப்பட்ட வகை ஒன்று 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு வைத்தது மூன்று ஆண்டுகளுக்கு முன் என்பதால் குழி பாலிஎத்திலீனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எதற்கும் மருத்துவமனையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தாடைக்கு வரும் சுமை இடுப்புக்கு வருவதைவிடக் குறைவு. பாலிஎத்திலீன் குழியில் சுழலும் கோபால்ட்-குரோமியத் தலையுடன், ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துச் செய்த மூட்டுகளை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. தேய்மானம் காரணமாக ஒரு மூட்டைக்கூட எடுக்க நேரவில்லை என்பது அதன் முடிவு. அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

காதுக்கு முன்னால் புதிதாக வீக்கம், ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும் வலி, முன்பு இல்லாத கரகரப்பு, வாய் திறக்கும் அளவு படிப்படியாகக் குறைவது ஆகிய இவற்றில் ஒன்று தெரிந்தாலும், வயதானால் எல்லாம் வரத்தான் செய்யும் என்று தள்ளிப்போடாமல் அறுவை செய்த மருத்துவரிடம் போய்விடுங்கள். வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை மாதம் ஒரு முறை மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையே அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவருக்கு அந்த நோட்டைப் போல உதவுவது வேறில்லை. மூட்டின் பெயர், வகை, தொகுதி எண் எழுதிய அட்டை ஒன்று மருத்துவமனையில் கொடுத்திருப்பார்கள். கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்கி, ஐடி புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் பார்க்க நேர்ந்தால், உள்ளே இருப்பது எந்தக் கலவை என்று அந்த அட்டைதான் சொல்லும்.

இரத்தத்தில் கோபால்ட் அளவு பார்க்கச் சொல்லலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தொந்தரவு எதுவும் இல்லாதபோது அது தேவையற்ற கவலையையே தரும். பிரிட்டனில் லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் என்று சொல்லும் வரம்பு, உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டுகளுக்காக வகுக்கப்பட்டது. தாடைக்கென்று ஒப்புக்கொள்ளப்பட்ட வரம்பு இல்லை. மருத்துவரே எடுக்கச் சொன்னால், நுண்தனிமச் சோதனைக்கென்று உள்ள குழாயில் எடுக்க வேண்டும். எஃகு ஊசியிலிருந்தே குரோமியம் கலந்துவிடக்கூடும் என்பதால் முதலில் வரும் இரத்தத்தை ஒதுக்கிவிடுவது வழக்கம். இரத்தம் எடுப்பவரிடம் இதை நீங்களே நினைவூட்டலாம்.

கேள்வி: கவரிங் தோடு போட்டால் இரண்டே நாளில் காது சிவந்து நீர் வடியும், கைக்கடிகாரத்தின் பின்மூடி பட்ட இடத்திலும் தடிப்பு வரும். வரும் மாதம் எனக்குத் தாடை மூட்டு அறுவை. இந்தச் சின்ன விஷயத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா? (ஃபீனிக்ஸ் வாசகி)

பதில்: அறுவை நாளுக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், அம்மா. இது சின்ன விஷயம் அன்று. உலோகம் கரைவதற்கும் தோல் நமைப்பதற்கும் தமிழில் அரிப்பு என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். உங்கள் காதில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. வியர்வையின் உப்பில் தோட்டிலுள்ள நிக்கல் கரைகிறது. கரைந்த நிக்கல் தோலின் புரதத்தோடு சேர்ந்து உங்கள் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது. கரையாத நிக்கல் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அதனால் ஒரு கலவையில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதோடு, அது எவ்வளவு எளிதாக வெளியேறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வார்ப்பு முறையில் செய்யும் கோபால்ட்-குரோமியக் கலவையில் நிக்கல் அரை விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது தரநிலை. அடித்து உருவாக்கும் வகையில் ஒரு விழுக்காடு வரை இருக்கலாம். உடலில் வைக்கும் எஃகிலோ 13 முதல் 15 விழுக்காடு நிக்கல் உண்டு. தூய டைட்டானியத்தில் இல்லை என்றே சொல்லலாம். முதுகில் பட்டி ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுத்து, அடுத்த நாட்களிலும் பார்க்கும் தோல் சோதனையில் நிக்கல், கோபால்ட், குரோமியம் மூன்றையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். நிக்கல் ஒவ்வாதவர்களில் சிலருக்குக் கோபால்ட்டும் ஒவ்வாது. தோல் காட்டும் பதிலும் மூட்டின் ஆழத்தில் உடல் காட்டும் பதிலும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதால், சில மருத்துவர்கள் இரத்த வெள்ளணுக்களைக் கொண்டு செய்யும் சோதனையையும் கேட்பார்கள். முடிவு பாதகமாக வந்தால், தலை உட்பட முழுவதையும் டைட்டானியக் கலவையில் செய்து வாங்கும் வழி இருக்கிறது. அதில் தேய்மானம் கூடும் என்ற குறை உண்டு. எதை ஏற்பது என்பதை நீங்களும் மருத்துவரும் உட்கார்ந்து பேச வேண்டும், அதுவும் அறுவைக்கு முன்னால் பேச வேண்டும்.

கேள்வி: டைட்டானியம்தான் உடலுக்கு மிகவும் இசைவானது என்று பள்ளியில் படித்தோம். பிறகு ஏன் மூட்டின் தலையைக் கோபால்ட்டில் செய்கிறார்கள்? இரண்டு உலோகங்களைச் சேர்த்தால் மின்கலம் ஆகிவிடாதா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க், மெட்ரிக் மாணவர்)

பதில்: கேள்வியின் இரண்டாம் பகுதியை நீங்களாகவே கேட்டிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, தம்பி.

டைட்டானியத்தின் மேல்தோல் உப்புநீருக்கு எதிராக மிக உறுதியானது. ஆனால் உரசலுக்கு எதிராக உறுதியற்றது. டைட்டானியக் கலவையை எதன்மேலாவது அழுத்தித் தேய்த்தால் அது ஒட்டிப் பிய்ந்து கறுப்புத் தூளாக உதிரும். டைட்டானியத் தலை வைத்த இடுப்பு மூட்டுகளை ஒரு காலத்தில் செய்து பார்த்து, பிறகு இதே காரணத்துக்காகக் கைவிட்டார்கள். கோபால்ட்-குரோமியம் அதைவிட மிகக் கடினமானது, கண்ணாடி போல மெருகேறும். ஆகவே சுழலும் தலைக்குக் கோபால்ட்டும், எலும்போடு ஒட்டி அசையாமல் நிற்கும் தகட்டுக்கு டைட்டானியமும் என்று வேலையைப் பங்கிட்டிருக்கிறார்கள். எலும்பு டைட்டானியத்தின் மேல் நன்றாக ஒட்டி வளரும்.

மின்கலம் ஆகுமா என்றால், ஆகும். நீங்கள் சோதனைக்கூடத்தில் பார்த்த துத்தநாகமும் செம்பும் போல அவ்வளவு வேகமாக ஆகாது. இரண்டு உலோகங்களும் ஆக்சைடுத் தோல் போர்த்தியவை. தோல் கிழியாத வரை இரண்டுக்கும் இடையே ஓடும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. இரண்டும் சேரும் இடம் இறுக்கமாக இருந்து, ஒன்றின்மேல் ஒன்று அசையாமல் இருந்தால் அந்த ஏற்பாடு நீடித்து நிற்கும். அசையத் தொடங்கினால் முதல் பதிலில் சொன்ன திருகுத் தலையின் கதை இங்கும் நடக்கும்.

உலோகம் கெட்டது, பிளாஸ்டிக் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1980களில் அமெரிக்காவில் டெஃப்லான் சேர்ந்த ஒரு மென்தகட்டைத் தாடை மூட்டுக்குள் வைத்தார்கள். டெஃப்லான் அரிக்கப்படுவதே இல்லை. ஆனால் மெல்லும் அழுத்தத்தில் அது நார் நாராகப் பிய்ந்தது. அந்தத் துகள்களைத் தின்ன வந்த உடல் அணுக்கள் எலும்பையும் சேர்த்துத் தின்றன. ஏராளமான நோயாளிகள் துன்பப்பட்ட பிறகு 1990களின் தொடக்கத்தில் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும்படி அரசு அறிவித்தது. ஒரு பொருளின் வேதிப்பண்பு ஒன்றை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால் வந்த துன்பம் அது. அந்த நோயாளிகளின் வரலாற்றைப் படித்த நாள்முதல், எந்தப் புதிய பொருளையும் உரசலில் சோதிக்காமல் நான் நம்புவதில்லை.

இந்தத் துறை நமக்கு அந்நியமானதும் அன்று. உலகிலேயே மிக அதிகமாகக் குரோமியத் தாது வெட்டி எடுக்கும் நாடு தென்னாப்பிரிக்கா. ரிச்சர்ட்ஸ் பே கரையோர மணலில் இருப்பது டைட்டானியத் தாது. அதில் பெரும்பகுதி வெள்ளைப் பெயின்டாகத்தான் போகிறது. ப்ளூம்ஃபொன்டைன் மத்திய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முப்பரிமாண அச்சில் உருவாக்கிய டைட்டானியத் தாடையெலும்புகளை 2014இல் கிம்பர்லி மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். அச்சிலிருந்து வரும் பரப்பு சொரசொரப்பானது. எலும்பு பற்றிக்கொள்ள அது நல்லது, தசை உரசும் பக்கத்தை மெருகேற்றியாக வேண்டும். உலோகவியல் படிக்க எண்ணினால், எங்கே சொரசொரப்பு வேண்டும், எங்கே வழவழப்பு வேண்டும் என்ற இந்த ஒரு கேள்வியிலேயே ஒரு வாழ்நாள் வேலை இருக்கிறது.

கேள்வி: பதினெட்டு ஆண்டுகளாகத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன்; கன்னத்தில் அலகு குத்திக்கொள்வது நேர்த்திக்கடன். சென்ற ஆண்டு விபத்துக்குப் பிறகு இடப்பக்கத் தாடை மூட்டை மாற்றினார்கள். வெள்ளி அலகுக்கும் உள்ளே உள்ள உலோகத்துக்கும் ஒத்துக்கொள்ளுமா? (டோங்காட் வாசகர்)

பதில்: உலோகத்தைப் பற்றி மட்டும் கேட்டால், ஒத்துக்கொள்ளும். அலகு கன்னத்தின் வழியே வாய்க்குள் போய் மறுகன்னத்தில் வெளிவருகிறது. மூட்டோ காதுக்கு முன்னால் மூடிய திசுக்களுக்குள் இருக்கிறது. இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று தொடாத வரை, சில மணி நேரத்தில் எந்த அரிப்பும் நிகழாது.

ஆனால் ஐயா, நான் அஞ்சுவது கிருமியை. அலகு வாய்க்குள்ளிருக்கும் கிருமிகளுக்குக் கன்னத்தின் தசைக்குள் வழி திறந்துவிடுகிறது. இயற்கையான எலும்பாக இருந்தால் இரத்தம் அங்கே போய்க் கிருமியை எதிர்க்கும். உலோகத்துக்குள் இரத்தம் ஓடாது. உலோகப் பரப்பில் ஒட்டிக்கொண்ட கிருமிகள் தம்மைச் சுற்றிப் பிசின் போன்ற ஒரு போர்வையைக் கட்டிக்கொள்கின்றன. அதற்குள் மருந்து எளிதில் புகாது. அந்தப் போர்வைக்கடியில் உயிர்வளி குறைந்து, அமிலம் சேர்ந்து, உலோகத்தின் மேல்தோலும் கெடுகிறது. அவ்வாறு சீழ் பிடித்த மூட்டை மருந்தால் காப்பாற்ற முடியாமல் கழற்றி எடுக்க நேர்வதும் உண்டு. பதினெட்டு ஆண்டு அனுபவத்தில் ஒரு முறைகூடச் சீழ் வைத்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதினெட்டு ஆண்டும் உங்கள் தாடையில் உலோகம் இருக்கவில்லை.

கோயில் பெரியவர்களிடம் பேசுங்கள். விரதம் இருந்து, அலகில்லாமல் காவடி சுமந்தாலும், பால்குடம் எடுத்தாலும், நேர்ந்துகொண்ட கடன் தீர்ந்ததாக ஏற்பதற்கு நம் வழக்கத்தில் இடம் இருக்கிறது. முருகன் கேட்டது உங்கள் கன்னத்தையா என்று வாதிட நான் வரவில்லை. அது உங்களுக்கும் அவனுக்கும் உள்ள உறவு. மருத்துவரிடமும் இதை மறைக்காமல் சொல்லுங்கள். நம் சடங்குகளைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள் என்று எண்ணி மறைப்பவர்கள் பலரை அறிவேன்; மறைத்ததால் நன்மை அடைந்தவர் ஒருவரையும் அறியேன்.

கேள்வி: ஊறுகாய், புளி, எலுமிச்சை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். பில்டாங் (உப்பிட்டு உலர்த்திய இறைச்சி) சாப்பிடலாமா? (சாட்ஸ்வொர்த்)

பதில்: ஊறுகாயைத் திரும்ப எடுத்து வையுங்கள். மூட்டு வாய்க்குள் இல்லை. எச்சிலோ புளியோ அதைத் தொடுவதே இல்லை. பல் வேருக்குப் பதிலாக வாயில் வைக்கும் டைட்டானியம் பற்றிச் சொல்லும் எச்சரிக்கைகளை இதோடு குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பில்டாங், கரும்பு, கொட்டைப்பாக்கு ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும். அவை தாடையின் மேல் ஏற்றும் பளு திருகுகளுக்கும் குழிக்கும் போகிறது. மருத்துவர் அனுமதித்த பிறகும் மெல்லிய சீவல்களாக நறுக்கிச் சாப்பிடுங்கள். இரவில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் அது பில்டாங்கைவிடக் கெடுதல். பல் மருத்துவரிடம் சொல்லி உறை செய்து போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தாயார் தாடை மூட்டுடன் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தார். தகனத்துக்குப் பிறகு சாம்பலோடு இரண்டு உலோகத் துண்டுகளைக் கொடுத்தார்கள். கறுத்தும் நீலம் பாரித்தும் இருக்கின்றன. இவ்வளவும் அவர் உடம்புக்குள் அரித்ததா? அஸ்தியோடு இவற்றையும் ப்ளூ லகூன் ஆற்றுமுகத்தில் கரைத்துவிடலாமா? (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். அந்தக் கறுப்பும் நீலமும் உங்கள் தாயாரின் உடம்பில் வந்தவை அல்ல. தகனச் சூளையின் வெப்பம் 800 முதல் 1000 பாகை வரை போகும். பாலிஎத்திலீன் குழி அதில் எரிந்து மறைந்துவிடும். கோபால்ட்-குரோமியம் உருக 1350 பாகை அளவிலும், டைட்டானியம் உருக 1660 பாகைக்கு மேலும் வேண்டும் என்பதால் அவை வடிவம் மாறாமல் எஞ்சுகின்றன. அந்தச் சூட்டில் இத்தனை பக்கமும் நான் பேசிவந்த அதே ஆக்சைடுத் தோல் பல மடங்கு தடித்து, ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்புவதால் நீலமும் பழுப்பும் சாம்பலுமாகத் தெரிகிறது.

அவருடைய காலத்தின் தடத்தைக் காண விரும்பினால், குமிழ் போன்ற தலையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சூளை நிறத்துக்கு அடியில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரியக்கூடும். தெரிந்தால், அவர் பேசியதும் உண்டதும் விட்டுச்சென்ற கோடுகளாக அவை இருக்கலாம்.

ஆற்றில் விட வேண்டாம். சாம்பல் கரையும், இது கரையாது. மணலில் பல தலைமுறை அப்படியே கிடக்கும், சிறுவர்களின் காலில் குத்தும். அஸ்தியை மட்டும் கரைத்துவிட்டு, உலோகத்தைத் தகன மண்டபத்திலேயே திருப்பிக் கொடுத்தால் உருக்கி மறுபயனுக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். மனம் வராவிட்டால் ஒரு துணியில் சுற்றி அவருடைய பொருட்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் இருக்கும் வரை அதற்குத் துருவும் பிடிக்காது, யாருக்கும் கேடும் இல்லை.